டீச்சரின் ‘ஆனா’

மார்ச் 4, செவ்வாய்
கடை மாடி

மாமா,

போனில் பேசினால் நீங்கள் கத்துகிறீர்கள், நான் வைத்துவிடுகிறேன். நேரில் பேசினால் நான் கத்துகிறேன், நீங்கள் எழுந்து போய்விடுகிறீர்கள். இரண்டையும் பார்த்துச் சலித்துப்போய் அக்கா ஒரு சட்டம் போட்டிருக்கிறாள். "ரெண்டு பேரும் எழுதிக் குடுங்க. சாப்பாட்டுக் கூடையில வெச்சு நான் கொண்டு போய்க் கொண்டு வர்றேன். தாள்ல ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் குறுக்க விழ முடியாதுல்ல?" என்றாள். பத்து நிமிட நடைக்கு ஒரு தபால் இலாகா. வழியில் நின்று படிப்பாள் என்பதும் தெரியும். படிக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்குச் சுற்றி வளைக்க வராது.

சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் ரோட்டின் கிழக்கு முனையில் உங்கள் கட்சிக் கூட்டம். மேற்கு முனையில் டீச்சர் கூட்டம். உங்களுக்கும் எனக்கும் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர், ரிட்டயரான பிறகு வீட்டில் சும்மா இருக்காமல் வார்டு தேர்தலில் உங்கள் கட்சியை எதிர்த்துத் தனியாக நிற்கிறார். அது அவர் இஷ்டம். இரண்டு கூட்டத்துக்கும் மைக் செட் என்னுடையது. அது என் தொழில்.

டீச்சரின் மைக் ஸ்டாண்ட் இறங்கிக்கொண்டே இருந்தது. அதை முறுக்கிவிட்டு நிமிர்கிறேன். "பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளிய மாத்துறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா..." என்றார். அந்த ‘ஆனா’வோடு எல்லாம் போய்விட்டது. மைக் போச்சு, விளக்கு போச்சு. உங்கள் கட்சி ஜிம்காரன் நாலு பேரோடு வந்து ஜெனரேட்டரிலிருந்து வயரைப் பிடுங்கியதை டீக்கடையில் நின்ற அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். அப்புறம் கல் வந்தது. ஒன்று என் ஸ்பீக்கர் பாக்ஸில் விழுந்து உள்ளே இருக்கிற காகிதக் கோனைக் கிழித்தது. இன்னொன்று டீச்சரின் புருவத்துக்கு மேலே. தையல் போட்டிருக்கிறார்கள். போலீஸ்காரர் ‘அடையாளம் தெரியாத நபர்கள்’ என்று எழுதிக்கொண்டு போனார். ஊருக்கே தெரிந்த தோள்பட்டை, அவருக்கு மட்டும் அடையாளம் தெரியவில்லை.

அதற்குச் சற்று முன்னால் உங்கள் மேடையில் நீங்கள் பேசியதும் என் காதில் விழுந்தது. "அந்தம்மா வாயைத் திறந்தா, மூட வைக்கிறதுக்கு நம்ம பசங்க இருக்காங்க!" நல்ல கைதட்டல். என் பாக்ஸ் அதையும் சுத்தமாகத்தான் சொன்னது.

நீங்கள் வார்டு செயலாளர். செய்தது தப்பு என்று அதே மைக்கில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் என்னிடம் பேச வேண்டாம்.

நேற்று டீச்சரைப் பார்க்கப் போனேன். தலையில் கட்டோடு உட்கார்ந்து நோட்டீஸ் மடித்துக்கொண்டிருந்தார். "தம்பி, திரும்ப ஒரு கூட்டம் போடணும். நான் ‘ஆனா’லேர்ந்து ஆரம்பிக்கணும். மைக் போடுவியா?" என்றார்.

போடுவேன் என்றேன்.

மைத்துனன்


மார்ச் 5, புதன்
வீடு

அன்பும் அறிவும் அவசரமும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற மைத்துனருக்கு,

நலம். நலமறிய ஆவல். சம்பிரதாயம் முடிந்தது.

மாப்ளே, உன் கடிதத்தை உன் அக்கா சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "படிச்சிட்டுச் சாப்பிடுங்க" என்றாள். படித்த பிறகு எங்கே சாப்பிடுவது? ஆனாலும் சாப்பிட்டேன். வீணாக்கக் கூடாது.

முதலில் உன் நெஞ்சைத் தொட்டுச் சொல். உன் கடிதத்தில் ஒரு சின்ன விஷயத்தைப் பூசி மெழுகியிருக்கிறாயே, அது என்ன? ஜிம்காரன் பிடுங்கியது டீச்சரின் வயரை. அணைந்தது ஏன் இரண்டு மேடையும்? நான் சொல்கிறேன். கிழக்கு முனைக்கும் மேற்கு முனைக்கும் நடுவில், பழைய இரும்புக் கடைக்குப் பின்னால், ஒரே ஒரு ஜெனரேட்டரை ஒளித்து வைத்து இரண்டு கட்சியையும் அதிலிருந்து ஒரே வயரில் ஓட்டியிருக்கிறாய். நாட்டில் எந்தத் தலைவராலும் முடியாத கூட்டணியை நீ வயரில் முடித்துவிட்டாய். வாழ்க!

என் நிலைமையை நினைத்துப் பார். பேச்சின் உச்சம். கையை உயர்த்தி, "இருண்டு கிடக்கும் இந்த வார்டுக்கு வெளிச்சம் கொண்டுவரப் போவது யார்?" என்று கேட்டேன். விளக்கு அணைந்தது. கூட்டம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மாவட்டத் தலைவரும் சிரித்தார். மேடையில் இருபது வருஷமாக நிற்கிறவனுக்கு இது நியாயமா?

டீச்சருக்கு அடிபட்டதில் எனக்கு வருத்தம் இல்லை என்று நினைக்காதே. முப்பத்தைந்து எடுத்தால் பாஸ் என்ற பரீட்சையில் எனக்கு முப்பத்து நாலு போட்ட கை அது. ஒரு மார்க் கூடப் போட்டிருந்தால் நான் இன்று ஏதாவது ஆபீஸில் உட்கார்ந்திருப்பேன், கட்சிக்கு வந்திருக்க மாட்டேன். அந்தக் கோபம் இருபத்தைந்து வருஷமாக இருக்கிறது. அதற்காகக் கல்லா எறியச் சொல்வேன்? வாயை மூடுவது, முகத்திரையைக் கிழிப்பது, ஓட ஓட விரட்டுவது எல்லாம் மேடை பாஷை. இத்தனை வருஷத்தில் எத்தனை முகத்திரையைக் கிழித்திருப்பேன், யாருக்காவது ஒரு துணியாவது கிழிந்ததா? கேட்கிறவனுக்குப் புத்தி வேண்டும்.

கடைசியாக ஒன்று. டீச்சர் கூட்டத்துக்கு நீ மைக் போடாதே. மச்சான் மைக் போட, மாமன் கட்சி எதிர்க்க, ஊர் சிரிக்கும். ஏற்கெனவே ஒரு தடவை சிரித்தாகிவிட்டது.

என்றும் உன் நலம் நாடும்,
மாமா


மார்ச் 6, வியாழன்

மாமா,

ஜெனரேட்டர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. இரண்டு புக்கிங்கும் ஒரே நாளில் வந்தது, இருந்தது ஒன்றுதான், நடுவில் வைத்தால் போதும் என்று நினைத்தேன். தனித்தனியாக வைத்திருந்தால் உங்கள் பக்கத்து வெளிச்சத்திலாவது கல் எறிகிறவன் முகம் தெரிந்திருக்கும். அது என் தப்பு. டீச்சரிடமும் சொன்னேன். "கணக்குல இதுக்குப் பேரு பொதுக் காரணி" என்று சிரித்தார். சிரித்தால் தையல் இழுக்கிறது போல. உடனே நிறுத்திக்கொண்டார்.

ஆனால் ஜெனரேட்டர் கல் எறியவில்லை மாமா.

மேடை பாஷை என்கிறீர்கள். என் வேலையில் ஒன்று உண்டு. மைக்கை பாக்ஸுக்கு நேராகத் திருப்பினால், பாக்ஸில் வருகிற சத்தம் மறுபடி மைக்குக்குள் போகும், பெருத்து வெளியே வரும், மறுபடி உள்ளே போகும். சின்ன முணுமுணுப்பு ஒரு நொடியில் ‘வீல்’ என்று ஊரைக் கூப்பிடும். அப்போது பாக்ஸைத் திட்டிப் பயனில்லை. மைக்கைப் பிடித்திருக்கிறவன் திரும்பி நிற்க வேண்டும். நீங்கள் சொல்கிறீர்கள், பசங்கள் கைதட்டுகிறார்கள், கைதட்டலைக் கேட்டு இன்னும் காரமாகச் சொல்கிறீர்கள். கேட்கிறவனுக்குப் புத்தி வேண்டும் என்றால், ஜிம்காரனுக்கு எவ்வளவு புத்தி என்பது சொல்கிற உங்களுக்குத் தெரியாதா?

ஊர் நிலவரம் கேளுங்கள். டீச்சருக்கு இடம் கிடைக்கவில்லை. தையல்காரர் சங்க ஹாலில் திடீரென்று வெள்ளையடிக்கிறார்களாம். பந்தல்காரர் நாற்காலி இல்லை என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் நாற்காலி கூரை வரை அடுக்கியிருந்தது. "அதெல்லாம் என்ன அண்ணே?" என்றேன். "அது... உடைஞ்சது" என்றார். சொல்லிக்கொண்டே அதிலேயே உட்கார்ந்தார். உடையவில்லை.

இன்னொன்றும் நடக்கிறது. டீச்சர் ‘ஆனா’வுக்கு அப்புறம் என்ன சொல்ல வந்தார் என்பதுதான் ஊரில் இப்போது பேச்சு. முடி வெட்டுகிற கடையில் ஒருத்தர், "ஆனா இதுல ஊழல் இருக்குன்னு சொல்ல வந்தாங்க" என்கிறார். பஸ் கண்டக்டர், "ஆனா டிக்கெட் விலை ஏறும்னு" என்கிறார். நீங்கள் பேசவிட்டிருந்தால் ஐம்பது பேர் கேட்டு, நாற்பது பேர் மறந்திருப்பார்கள். இப்போது ஊரே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது.

நான் கேட்டேன், டீச்சர் எனக்கும் சொல்லவில்லை. "மைக்ல சொல்றேன், இரு" என்கிறார்.

மைத்துனன்


மார்ச் 8, சனி

மாப்ளே,

அலங்காரம் இல்லாமல் எழுதுகிறேன். நேரம் இல்லை.

உன் அக்கா என்னோடு பேசுவதில்லை. பாத்திரங்கள் பேசுகின்றன. காலையில் டம்ளரை வைத்த சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்தது. அவள் கோபப்படுவது எனக்குப் புதிதில்லை. கோபத்தைச் சொல்லாமல் இருப்பதுதான் புதிது.

விஷயம் இதுதான். டீச்சர் வீட்டுக்கு எதிரே இருக்கிற காலி மனையில் அடுத்த சனிக்கிழமை கூட்டம் என்று கேள்விப்பட்டேன். எனக்கு முன்னாலேயே ஜிம்காரன் கேள்விப்பட்டிருக்கிறான். இந்தத் தடவை வயரோடும் கல்லோடும் நிறுத்தமாட்டான். "மைக் போடுறவன் கையே இருக்காது தலைவரே" என்று என்னிடமே சொன்னான். நீ யாருடைய மச்சான் என்பது அவனுக்கு மறந்துவிட்டதா, மறந்த மாதிரி சொன்னானா, தெரியவில்லை. நான் சிரித்து மழுப்பினேன். அவன் சிரிக்கவில்லை.

குடும்பம் என்கிற முறையில் சொல்கிறேன். அன்றைக்கு உனக்கு வெளியூரில் வேலை என்று சொல்லிவிடு. டீச்சர் புரிந்துகொள்வார். உன் கையை வைத்துத்தான் உன் தொழில்.

கிழித்துப் போட்டுவிடு இதை.

மாமா


மார்ச் 9, ஞாயிறு

மாமா,

கிழிக்கவில்லை. இங்கேதான் இருக்கிறது. அக்காவும் படித்துவிட்டாள், கிழித்து என்ன ஆகப்போகிறது.

என் கையைப் பற்றிக் கவலைப்பட்டதற்கு நன்றி. நிஜமாகத்தான் சொல்கிறேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. நேற்று வயரைச் சால்டரிங் பற்றவைக்கும்போது, வைக்க வேண்டிய இடத்தை விட்டு வேறு இடத்தில் ஈயத்தை வைத்தேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அவன் உங்களிடம் சொன்னான். நீங்கள் என்னிடம் சொல்கிறீர்கள். அவனிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்? சிரித்து மழுப்பினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் மிரட்டலை வாங்கி இந்தப் பக்கம் கொடுத்துவிட்டீர்கள், அவ்வளவுதான். அந்த வேலையைக் கூடையே செய்யும்.

ஊரில் உங்கள் குரலுக்குப் பயப்படாத ஆள் இல்லை. பஸ் ஸ்டாண்டில் நீங்கள் இருமினால் கண்டக்டர் விசில் ஊத மறந்துபோவான். அந்தக் குரலை வைத்துக்கொண்டு ஒருத்தனிடம் "செய்யாதே" என்று சொல்ல முடியவில்லையென்றால், எதற்கு மாமா அவ்வளவு பெரிய குரல்?

உங்கள் கட்சி ஆபீஸில் செவ்வாய்க்கிழமை கூட்டம். அங்கே சொல்லுங்கள். நாலு பேர் முன்னால்.

15ஆம் தேதி, சனிக்கிழமை, ஐந்து மணி. மைக் இருக்கும். இந்தத் தடவை ஜெனரேட்டர் தனி.

மைத்துனன்


மார்ச் 12, புதன்

மாப்ளே,

சொன்னேன்.

எப்படிச் சொன்னேன் என்று கேள். மாவட்டத் தலைவர் தண்ணீர் குடித்து டம்ளரை வைத்ததும் எழுந்தேன். "டீச்சர் கருத்தில் எனக்குத் துளியும் ஒப்புதல் இல்லை. அவரைத் தோற்கடிப்பேன், டெபாசிட் இல்லாமல் வீட்டுக்கு அனுப்புவேன். ஆனா..." என்றேன்.

அவ்வளவுதான். ஜிம்காரன் மேஜையைத் தட்ட ஆரம்பித்தான். அவனைப் பார்த்து அடுத்தவன். அப்புறம் அறையே தட்டியது. "உக்காரு! உக்காரு!" யார் குரல் என்று பார்த்தேன். நான் கட்சிக்குக் கூட்டி வந்த பையன்கள். கோஷம் போடக் கற்றுக்கொடுத்ததே நான்தான். மூச்சு எங்கே எடுக்க வேண்டும், எந்த எழுத்தை நீட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நன்றாகக் கற்றிருக்கிறார்கள். ‘உக்காரு’வில் கடைசி எழுத்தை நான் சொன்ன மாதிரியே நீட்டினார்கள்.

நான் மூன்று முறை வாயைத் திறந்தேன். மூன்று முறையும் தட்டினார்கள். மேடை ஏறிய நாள் முதல் ஒரு வாக்கியத்தைக் கூடப் பாதியில் விட்டவன் இல்லை நான். மழை வந்தபோதுகூட முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். நேற்று நானும் ஒரு ‘ஆனா’வில் நின்றேன் மாப்ளே. அடுத்த வார்த்தை தொண்டையில் இருக்கிறது. வெளியே விடமாட்டேன் என்கிறார்கள். அது எப்படி இருக்கும் என்று உனக்கு விளக்க முடியவில்லை. தும்மல் வந்து வராமல் போன மாதிரி என்று வைத்துக்கொள், ஆனால் நெஞ்சு முழுக்க.

உட்கார்ந்தேன். பிறகு எழுந்து வீட்டுக்கு வந்தேன்.

உன் அக்கா சமையலறையில் இருந்தாள். என் முகத்தைப் பார்த்து, நாலைந்து நாளில் முதல் தடவையாக, "என்ன ஆச்சு?" என்றாள். "பேச விடல" என்றேன். கரண்டியை வைத்தாள். அடுப்பைச் சின்னதாக்கினாள். "சரி, இங்க பேசுங்க. நான் கேக்குறேன்" என்றாள்.

பேசினேன். கதவில் சாய்ந்துகொண்டு, ‘ஆனா’விலிருந்து கடைசி வரை. கல் எறிந்து ஜெயித்தால் ஜெயித்தது கல்தான், கட்சி இல்லை என்றேன். அந்தம்மா பேசி முடிக்கட்டும், பதில் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது என்றேன். அவள் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. நான் முடித்ததும், "நல்லாத்தான் இருக்கு. நடுவுல கொஞ்சம் இழுக்குது" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பெரிதாக்கினாள்.

நேற்றுச் சாப்பிட்ட மாதிரி நான் எந்த மாநாட்டிலும் சாப்பிட்டதில்லை.

சரி, சனிக்கிழமை பாக்ஸை எங்கே வைக்கப்போகிறாய்?

மாமா


மார்ச் 13, வியாழன்

மாமா,

பாக்ஸ் இரண்டு. மேடை என்று ஒன்றும் இல்லை, டீச்சர் வீட்டு மர மேஜைதான். அதற்கு இடதுபக்கம் ஒன்று, வலதுபக்கம் ஒன்று. வலது பாக்ஸ் நன்றாக இருக்கிறது. இடதுதான் கல் பட்டது. கோன் மாற்றியிருக்கிறேன், ஆனாலும் ‘ச’ வரும்போதெல்லாம் கொஞ்சம் இரைகிறது. தெருவுக்கு நேராக இருப்பதும் அதுதான். எறிகிறவனுக்கு அதுதான் வசதி. அதற்குப் பின்னால்தான் நான், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் பெட்டியோடு உட்காருவேன்.

எதற்குக் கேட்கிறீர்கள்?

அந்த பாக்ஸுக்கு முன்னால் யாராவது நாற்காலி போட்டு உட்கார்ந்தால் இரண்டு நாளைக்குக் காது ‘கொய்ங்’ என்று இருக்கும். பஞ்சு கொண்டுவர வேண்டும். மைக் இருக்கிற பக்கமாக நாற்காலியை இழுக்கக் கூடாது, தும்மினாலும் ஊருக்குக் கேட்கும். இதெல்லாம் பொதுவாகச் சொல்கிறேன்.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அக்காவிடம் சொல்ல வேண்டாம்.

வருவீர்களா, மாட்டீர்களா? ஒரே வார்த்தையில் எழுதுங்கள். உங்களால் முடிந்தால்.

மைத்துனன்


மார்ச் 14, வெள்ளி

வருவேன்.

(ஒரே வார்த்தை. உன் அக்கா சாட்சி. இந்த அடைப்புக்குறி கணக்கில் சேராது.)


மார்ச் 16, ஞாயிறு

மைத்துனருக்கு,

காது இன்னும் கொய்ங் என்கிறது. நீ என்ன பேசினாலும் கேட்காது. அதனால் எழுதுகிறேன். தவிர, நீ நேற்று பாக்ஸுக்குப் பின்னால் தலையைக் குனிந்து திருகிக்கொண்டிருந்தாய். முன்னால் நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும்.

நான் நாற்காலியோடுதான் வந்தேன். பந்தல்காரரிடம் "உடைஞ்ச நாற்காலி ஒண்ணு குடுங்க" என்று கேட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். இடது பாக்ஸுக்கு முன்னால் போட்டு, முதுகை பாக்ஸில் சாய்த்து, தெருவைப் பார்த்து உட்கார்ந்தேன். வந்தவர்கள் டீச்சரைப் பார்ப்பதா என்னைப் பார்ப்பதா என்று தெரியாமல் தவித்தார்கள். "என்ன தலைவரே, கட்சி மாறிட்டீங்களா?" என்றார் முடி வெட்டுகிறவர். "எதிர்க்கட்சிக்காரன் கேட்கக் கூடாதுன்னு எழுதியிருக்கா? உக்காருய்யா" என்றேன்.

ஜிம்காரன் ஐந்து பேரோடு வந்தான். கையைப் பின்னால் வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் நின்றான்.

"தலைவரே, எந்திரிங்க."

"உக்காந்திருக்கேன்டா. தெரியலையா?"

"உங்க மேல பட்டுடும்."

"படட்டும். எந்தப் பக்கம் பட்டாலும் நம்ம கட்சித் தலைதான். நாளைக்குப் பேப்பர்ல போடுவாங்க, யார் எறிஞ்சதுன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவ?"

அவன் யோசித்தான். அவன் யோசிப்பதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். கழுத்து நரம்பெல்லாம் புடைத்துவிட்டது. உண்மையைச் சொல்லவா? எனக்கும் பயம்தான். செருப்பு கழன்று விழுந்ததைக்கூட அப்புறம்தான் கவனித்தேன்.

அப்போதுதான் டீச்சர் மைக்கில், "பின்னால நிக்கிற தம்பிங்க முன்னால வரலாம், இடம் இருக்கு" என்றார். பழைய வகுப்புக் குரல். ஐந்து பேரும் அவரிடம் படித்தவர்கள். கால் தானாக ஓர் அடி முன்னால் வந்துவிட்டது, பாவம்.

டீச்சர் தண்ணீர் குடித்தார். கட்டைச் சரிசெய்தார். "ஆனா," என்றார்.

"ஆனா, புது பஸ் ஸ்டாண்ட் பிளான்ல பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் எங்க இருக்கு?"

அவ்வளவுதான் மாப்ளே! இதைச் சொல்லவிடாமல் தடுக்கத்தான் வயரைப் பிடுங்கி, விளக்கை அணைத்து, கல் எறிந்து, தையல் போட்டு... நான் நாற்காலியில் நெளிந்தேன். அந்த பிளானைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு மேடையில் புகழ்ந்திருக்கிறேன். இன்று காலையில் எடுத்து விரித்துப் பார்த்தேன். கட்சி அலுவலகத்துக்கு இடம் இருக்கிறது, சிலைக்கு இடம் இருக்கிறது. அது இல்லை.

ஜிம்காரனை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவன் அம்மா பஸ் ஸ்டாண்டில் பழம் விற்கிறவர். கூட்டம் முடிந்து என் பக்கத்தில் வந்து, என்னைப் பார்க்காமல் சொன்னான்: "எங்கம்மா காலைல கிளம்பினா வீட்டுக்கு வர்ற வரைக்கும் தண்ணி குடிக்க மாட்டாங்க. ஏன்னு நான் கேட்டதே இல்ல." பிறகு தலையை நிமிர்த்தி, "ஆனா அந்தம்மா மீதி சொன்னதெல்லாம் பொய்யி" என்றான். "ஆமா, பொய்யி. அதுக்குப் பதில் சொல்லுவோம். வாயால" என்றேன்.

நாளைக் காலை அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போகிறேன். கல் விஷயம். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். வராவிட்டால் நான் மட்டும் போய் எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். வாயை மூட வைக்கப் பசங்க இருக்காங்க என்று மேடையில் சொன்னவன் யார் என்பதையும் சேர்த்து.

கட்சியிலிருந்து விளக்கம் கேட்டு ஆள் வந்தது. பதவி போகலாம். போனால் போகட்டும், கட்சி போகாது. நான் அதே கட்சிதான், அதை யாரும் பிடுங்க முடியாது.

ஒன்று மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள். கக்கூஸ் தவிர டீச்சர் சொன்ன மற்ற மூன்றும் தப்பு. பழைய இடத்தில் வியாபாரம் குறையும் என்கிறாரே, எந்தக் கணக்கில்? எனக்கு முப்பத்து நாலு போட்டவர் இப்படிக் கணக்குப் போடலாமா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அதே மனையில், அதே மேஜையில் நான் பதில் சொல்கிறேன். டீச்சரிடமே இடம் கேட்டுவிட்டேன். மைக் போடு. இடது பாக்ஸைச் சரி செய். என் பேச்சில் ‘ச’ நிறைய வரும்.

மாமா


மார்ச் 23, ஞாயிறு
காலி மனை

மாமா,

நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், அக்கா காத்துக்கொண்டு நிற்கிறாள். இன்னும் கண்ணாடி முன்னால் நின்று கையை உயர்த்திப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களாமே? போதும், வாருங்கள். கூட்டம் வந்துவிட்டது. ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டதிலிருந்து சுருங்கிப் போயிருந்த ஜிம்காரன், இன்று காலையில் வந்து, கேட்காமலே ஜெனரேட்டரை இறக்கிக் கொடுத்தான். திரும்பத் தூக்குவானா என்று ஒரு கண் வைத்திருக்கிறேன்.

இடது பாக்ஸ் சரியாகிவிட்டது. நீங்கள் எத்தனை ‘ச’ வேண்டுமானாலும் பேசலாம்.

நான் வயர் இழுப்பதற்கு முன்னாலேயே டீச்சர் வந்துவிட்டார். வீட்டு நாற்காலியைத் தானே தூக்கி வந்து, அன்று நீங்கள் உட்கார்ந்த அதே இடது பாக்ஸுக்கு முன்னால், தெருவைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். உங்கள் கட்சியைப் பிடிக்காத ஆட்களும் ஊரில் உண்டு, அவர்கள் கையிலும் கல் கிடைக்கும் என்பது அவருக்குத் தெரிகிறது. பஞ்சு வேண்டுமா என்று கேட்டேன். "ஆறாம் வகுப்பு எடுத்தவ தம்பி நான். இதெல்லாம் ஒரு சத்தமா?" என்றார்.

"எவ்வளவு நேரம் உட்காருவீங்க டீச்சர்?"

"அவன் முடிக்கிற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்னு போய்ச் சொல்லு. ஆனா..."

"ஆனா என்ன டீச்சர்?"

"ஆனா, சீக்கிரம் முடிக்கச் சொல்லு."

அதை நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் மாமா. நீங்கள் முழுசாகப் பேசுங்கள். மைக் போட்டாச்சு.

மைத்துனன்